ஏழிசை மன்னரும் எங்கள் ஊர் ரயிலும்

சென்ற ஆண்டு ஒரு நாள் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், பாடம் முடிந்து மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தபோது, மேல்நாட்டு இசைக்குழு ஒன்றின் பாடல் தொகுப்பை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தொகுப்பில் உள்ள பாட்டுகள் அத்தனையும் ரயிலைப் பற்றியவை. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மரபு இருக்கிறதாம். 1900-இல் விபத்து நேரவிருந்த கடைசி நொடியிலும் பிரேக்கை விடாமல் பிடித்துப் பயணிகளைக் காப்பாற்றித் தான் மட்டும் மாண்ட கேசி ஜோன்ஸ் என்னும் எஞ்சின் டிரைவரைப் பற்றிப் பாட்டு உண்டு. ரயிலில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்து, காசநோயால் அந்த வேலையை விட்டுப் பாடகனாகி, 1933-இல் முப்பத்தைந்தாம் வயதில் இறந்துபோன ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பவருடைய பாட்டுகளும் உண்டு. அவருடைய உடலைச் சொந்த ஊருக்கு ரயிலில்தான் கொண்டுபோனார்கள் என்று பேராசிரியர் சொன்னார். சொல்லிவிட்டு, நம்மிடம் ரயில் பாட்டு உண்டா என்று கேட்டார்.

வகுப்பில் இரண்டு மூன்று பேர் சினிமாவில் ரயிலில் எடுக்கப்பட்ட பாட்டுகளைச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று மாலை திருச்சி ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறி ஸ்ரீரங்கம் திரும்பும்போது எனக்கு விடை கிடைத்துவிட்டது.

நண்பர்களே! அவர்களுக்கு ரயில் பாட்டு என்றால் ரயிலைப் பற்றிய பாட்டு. நமக்கோ, ரயிலில் பாடப்படும் பாட்டு. பொன்மலை தாண்டி, டவுன் ஸ்டேஷன் தாண்டி, காவிரிப் பாலத்தில் வண்டி தடதடவென்று ஏறும்போது, அந்த ஓசையையும் மீறி ஒரு குரல் வரும். கண் தெரியாத பெரியவர் ஒருவர். முன்னால் நடக்கும் மனைவியின் தோளில் ஒரு கை. மறு கையில் ஒரு தகர டப்பா. இப்போது பலர் கழுத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். இவரிடம் அது கிடையாது. வெறுங்குரல்தான். ரயிலில் பாடிக் காசு கேட்பதற்குச் சட்டப்படி அனுமதி இல்லை. ஆனாலும் எங்கள் பெட்டியில் அவரை யாரும் தடுத்ததை நான் பார்த்ததில்லை. அவர் பாடுவதெல்லாம் தியாகராஜ பாகவதரின் பாட்டுகள். அதுவும் ஹரிதாஸ் படத்தில், தாய் தந்தையரைத் துரத்தியடித்த மகன் மனம் திருந்திய பிறகு பாடுகிறானே, அந்தப் பாட்டென்றால் பெட்டியில் பேச்சு நின்றுவிடும். செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ஒரு தரம் தலை நிமிர்த்துவார்கள்.

இந்தச் செய்தியை வீட்டில் தாத்தாவிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வயது எண்பதைக் கடந்துவிட்டது. பாகவதர் என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. பிறகு வெகு நேரம் பேசினார். அவர் சொன்னதும், நான் நூலகத்தில் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜன் என்பது பாகவதரின் முழுப்பெயர். அதன் சுருக்கமே எம்.கே.டி. பிறந்தது மாயவரத்தில், 1910-இல். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பொற்கொல்லர். குடும்பம் திருச்சிக்குக் குடிவந்தது. மூத்த மகனான தியாகராஜனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பட்டறையும் பிடிக்கவில்லை. பாட்டு ஒன்றுதான் பிடித்தது. தகப்பனாருக்கோ பாட்டு என்றால் சோற்றுக்கு ஆகாத தொழில். பையன் வீட்டை விட்டு ஓடிப்போனான். தேடிக் களைத்த தந்தை, ஆந்திரத்துக் கடப்பையில் அவனைக் கண்டுபிடித்தபோது, சுற்றிலும் ஒரு கூட்டம் நின்று கேட்க, அவன் நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தானாம். மொழி தெரியாத ஊரில் ஒரு சிறுவனின் குரலுக்குக் கூட்டம் நிற்கிறது என்றால், அதற்குமேல் தந்தை என்ன சொல்லமுடியும்? திருச்சிக்கு அழைத்து வந்தார். பாட்டைத் தடுப்பதையும் விட்டார்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் ரயில் குறுக்கே வருகிறது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமை அலுவலகம் அன்று திருச்சியில் இருந்தது. அதில் உயர்ந்த பதவி வகித்தவர் எஃப்.ஜி. நடேசய்யர். பகலில் ரயில்வே அதிகாரி, மாலையில் நாடகக்காரர்! 1914-இல் ரசிக ரஞ்சன சபா என்னும் அமைப்பைத் திருச்சியில் தொடங்கி நாடகங்கள் நடத்திவந்தார். அரிச்சந்திர நாடகத்துக்கு லோகிதாசன் வேடம் போட ஒரு பையன் வேண்டியிருந்தது. பஜனைகளில் பாடிக்கொண்டிருந்த பொற்கொல்லர் மகனின் குரல் அவர் காதில் விழுந்தது. பத்து வயதளவில் தியாகராஜன் மேடை ஏறினான். காட்டில் பாம்பு கடித்து இறக்கும் அந்தச் சிறுவனாக அவன் பாடியதைக் கேட்டு ஊரே உருகியது.

நடேசய்யரைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் குறையாகப் படுகிறது. 1938-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த சேவாசதனம் படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவனாக, வயது முதிர்ந்தவராக வந்து நடித்தவர் இவர்தான். ஒரு ரயில்வே அதிகாரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், தமிழ்நாட்டுக்குப் பாகவதர் கிடைத்திருப்பாரா?

நடேசய்யர் வாய்ப்பு மட்டும் தந்தார்; வித்தையை மற்றவர்கள் தந்தார்கள். வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகக் கர்நாடக சங்கீதம் பயின்றார். ஆலத்தூர் வெங்கடேசய்யரிடமும் பாடம் கேட்டார். நடிப்பைத் தனியே கற்றார். ஆறாண்டுக் காலம் இப்படிப் போயிற்று. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் கேட்க வேண்டும், சுருதியும் விலகக்கூடாது. மூன்று கட்டை, நான்கு கட்டை சுருதியில் இரவு முழுவதும் பாடவேண்டும். இந்தப் பயிற்சிதான் அந்தக் குரலை ஆக்கியது. எங்கள் ரயில் பெரியவர் காவிரிப் பாலத்து ஓசைக்கு மேலே பாடும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

பவளக்கொடி நாடகத்தில் அர்ச்சுனனாக அவரும், பவளக்கொடியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்துப் புகழ் பெற்றார்கள். அதையே 1934-இல் கே. சுப்பிரமணியம் படமாக எடுத்தார். இயக்குநர், கதாநாயகன், கதாநாயகி மூவருக்கும் அதுவே முதல் படம். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள்! இன்று நமக்கு ஐந்து பாட்டே அதிகமாகத் தோன்றுகிறது. அன்று பாட்டுக்கு நடுவில் கதை வைத்தார்கள். நவீன சாரங்கதாரா, சத்தியசீலன் ஆகிய படங்கள் 1936-இல் வந்தன. அடுத்த ஆண்டு ஒய்.வி. ராவ் இயக்கிய சிந்தாமணி வந்தது. பாபநாசம் சிவன் பாடல்கள். படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு தியேட்டரைக் கட்டினார்கள். அதே 1937-இல் எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கிய அம்பிகாபதியும் வெளிவந்தது. தமிழ் தெரியாத ஒருவர் கம்பர் மகன் கதையை எடுத்தார் என்பது விந்தைதான். பிறகு திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி.

மொத்தம் பதினான்கு படங்கள்தான் அவர் நடித்தவை. இன்றைக்கு ஒரு நடிகர் இரண்டு ஆண்டில் நடித்துவிடக்கூடிய எண்ணிக்கை. ஆனால் அந்தப் புகழை எண்ணிக்கையால் அளக்க முடியாது. தோள்வரை புரளும் தலைமுடி, காதில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, ஜவ்வாது மணம். இளைஞர்கள் அவரைப் போல முடி வளர்த்தார்கள். பாகவதர் கிராப்பு என்றே அதற்குப் பெயர் வந்தது. கச்சேரிக்கு அவர் இந்த வண்டியில் வருகிறார் என்று செய்தி பரவினால் போதும், ரயில் நிலையங்களில் ஜனங்கள் கூடிவிடுவார்கள். அவரைப் பார்க்கவேண்டும், முடிந்தால் ஒரு பாட்டுக் கேட்கவேண்டும். எஞ்சினைப் பற்றி நம்மவர்கள் பாட்டுக் கட்டாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பாட்டே ரயிலில் வந்து இறங்கியபோது தனியே பாட்டு எதற்கு?

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. இந்தச் செய்தி பலருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டை அதன் கதாநாயகன் சிறையில் கழித்தார் என்பதை நாம் சேர்த்து நினைப்பதில்லை.

சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறு எழுதிப் பத்திரிகை நடத்திவந்தவர் லட்சுமிகாந்தன். சினிமா தூது, இந்து நேசன் என்பவை அவர் நடத்திய ஏடுகள். 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் சதி செய்ததாகப் பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், கோவைப் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் மற்றும் சிலரும் குற்றம் சாட்டப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறு விசாரணைக்குச் சென்னைக்கே திரும்பி வந்தது. எதிராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்யப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை.

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். தாத்தாவின் தகப்பனாரும் பொன்மலைத் தொழிலாளிதான். நாகப்பட்டினத்திலிருந்த தொழிற்சாலை 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது அதனோடு வந்த குடும்பம் எங்களுடையது. அவர் பாகவதர் பித்தர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றை வாங்கினார். பாகவதரின் இசைத்தட்டுகள் ஏழெட்டுச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து கேட்பார்களாம். தண்டனைச் செய்தி வந்த அன்று அவர் ஒன்றும் பேசாமல் அந்தத் தட்டுகளை ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். கொலைகாரன் பாட்டு என் வீட்டில் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து விடுதலைச் செய்தி வந்தது. தட்டுகள் பரணிலிருந்து இறங்கவில்லை. பாட்டியம்மா கேட்டுப் பார்த்தாராம். கோர்ட்டு விட்டுவிட்டது சரி, நெருப்பில்லாமல் புகையுமா என்பது அவர் பதில். அந்த மனிதர் கெட்டவர் அல்லர். யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவர் என்று தாத்தா சொல்கிறார். ஆனால் ஒருவர் மீது ஒரு முறை பதிந்த எண்ணத்தை அவரால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டு ரசிகர்கள் அத்தனை பேரும் எங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரி இருந்ததால்தான் பாகவதர் வீழ்ந்தார் என்று நான் எழுத நினைத்தேன். ஆனால் உண்மை அத்தனை எளிதாக இல்லை. நாயகன் சிறையில் இருக்கும்போதே ஹரிதாஸ் படத்துக்குக் கூட்டம் குறையவில்லையே! அதே சிறையில் இருந்து அதே நாளில் வெளிவந்த கலைவாணரை மக்கள் மறுபடி ஏற்றுக்கொண்டார்களே! 1949-இல் நல்லதம்பி வந்தது. 1957-இல் அவர் மறையும்வரை புகழ் குன்றவில்லை. அப்படியானால் பாகவதருக்கு மட்டும் என்ன நேர்ந்தது?

காலம் மாறிவிட்டது என்பது ஒரு விடை. 1949-இல் வேலைக்காரி, 1952-இல் பராசக்தி. மக்கள் பாட்டுக் கேட்கப் போனது குறைந்து, வசனம் கேட்கப் போனார்கள். பின்னணி பாடும் முறை வேரூன்றியபின், நடிப்பவன் பாடவேண்டிய தேவையே போயிற்று. அரசர்களும் பக்தர்களும் இருந்த இடத்தில் ஏழைகளும் வக்கீல்களும் வந்தார்கள். கலைவாணர் எப்போதுமே நிகழ்காலத்து மனிதர். அவருக்கு அந்த மாற்றம் தோதாக இருந்தது. பாகவதர் அப்படியல்ல. இன்னொரு விடை, அவரே மாறிவிட்டார் என்பது. சிறையிலிருந்து வந்தவரிடம் பழைய உற்சாகம் இல்லை என்கிறார்கள். குற்றமற்றவர் என்று தெரிந்தபின்னும் சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவது? என் தமிழ்ப் பேராசிரியர் முதல் விடையையே ஏற்கிறார். நான் இரண்டாவதையும் விடமாட்டேன்.

புனாவில் எடுக்கப்பட்ட ராஜமுக்தி 1948-இல் வந்தது. எம்.எல். வசந்தகுமாரி சினிமாவில் பின்னணி பாடத் தொடங்கியது அந்தப் படத்தில்தான், எம்.ஜி.ஆரும் அதில் நடித்தார். படம் ஓடவில்லை. 1952-இல் அமரகவியும் சியாமளாவும் வந்தன. 1957-இல் புதுவாழ்வு, அதை அவரே இயக்கினார். பெயரைப் பாருங்கள்! ஆனால் புது வாழ்வு கிடைக்கவில்லை. கச்சேரிகள் மட்டும் அவரைக் கைவிடவில்லை. மேடையில் உட்கார்ந்து பாடினால் பழைய ரசிகர்கள் வந்தார்கள். நீரிழிவு அவரை அரித்தது. கண்பார்வை மங்கியது. ஒரு காலத்தில் அவர் தெருவில் நடந்தால் கண் கொட்டாமல் பார்த்த உலகத்தை, கடைசிக் காலத்தில் அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தொன்பது. கடைசிப் படமான சிவகாமி மறு ஆண்டில்தான் வெளிவந்தது.

உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். தாத்தாவுக்கு அப்போது பதினாறு வயது. பொன்மலையிலிருந்து சங்கிலியாண்டபுரம் என்ன தூரம்? நடந்தே போய்விடலாம். லைன் வீடுகளிலிருந்து பலரும் போனார்கள். தாத்தாவை மட்டும் அவருடைய தகப்பனார் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அவர் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம். இரவு எல்லோரும் படுத்த பிறகு, தகப்பனார் எழுந்து பரணைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றதைத் தாத்தா போர்வைக்குள்ளிருந்து பார்த்தாராம். ஏறி எடுக்கவில்லை. பிறகு வீடு மாறியபோது சாக்கைப் பிரித்தால், கோடை வெப்பத்தில் தட்டுகள் எல்லாம் அப்பளம் போல வளைந்துபோயிருந்தன.

இதைச் சொல்லி முடித்துத் தாத்தா என்னிடம் ஒன்று கேட்டார். தம்பி, சங்கிலியாண்டபுரத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இதே ஊரில் இருந்தும் அவர் போகவில்லை. தகப்பனார் சொல்லைத் தட்ட மனமில்லாமல் இருந்ததா, வெட்கமா, எனக்குப் புரியவில்லை. பருவத் தேர்வு முடியட்டும் என்றேன். தேர்வு முடிந்தது, விடுமுறையும் பாதி கழிந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு நாள் ரயிலில் அந்தப் பெரியவர் ஹரிதாஸ் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தபோது எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே அழைத்துப் போனேன்.

ஆட்டோ வேண்டாம், ரயிலில்தான் போகவேண்டும் என்றார். ஸ்ரீரங்கத்தில் ஏறிப் பொன்மலையில் இறங்கினோம். தொழிற்சாலைப் பக்கம் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். அங்கிருந்து சமாதிக்குப் போனோம். திருச்சியில் இப்போது பாகவதருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அதையும் பார்க்கலாம் என்றேன். அது இன்னொரு நாள் ஆகட்டும் என்றார். சமாதி அருகில் நாங்கள் போன நேரம் யாரும் இல்லை. தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். தகப்பனார் பெயரைச் சொல்லி, அவருக்காகவும் சேர்த்துக் கும்பிடுகிறேன் என்றார். பிறகு, சாருகேசி ராகத்தில் அமைந்த அந்தப் புகழ்பெற்ற ஹரிதாஸ் பாட்டை மெல்ல முணுமுணுத்தார். சுருதி சேரவில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வண்டியில் அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பாட்டுக்காரர் வருகிறாரா என்று ஒவ்வொரு நிலையத்திலும் எட்டிப் பார்த்தார். கொடுப்பதற்கென்று சட்டைப்பையில் நூறு ரூபாய் எடுத்து வைத்திருந்தார். அன்று பார்த்துப் பெரியவர் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது மறக்காமல் கொடுத்துவிடு என்றார்.